அந்த ஐந்து சுற்றுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் 2024 பாரிஸ் ஒலிம்பிக் பக்கத்தில், கீழ் மூலையில், ஆண்கள் ஓம்னியம் சைக்கிள் போட்டி பற்றி நான்கு வரி போட்டிருந்தீர்கள். பிரான்சின் பெஞ்சமின் தோமா தங்கம் வென்றார் என்று தொடங்கி, "இடையில் தவறி விழுந்தாலும், சொந்த நாட்டு வீரர் என்பதால் நடுவர்கள் சலுகை காட்டி மீண்டும் சேர்த்துக்கொண்டனர்" என்று முடித்திருந்தீர்கள். அந்த வரியை வாசித்த நாளிலிருந்து மனம் ஆறவில்லை. எழுதுவதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். விட முடியவில்லை.

ஆகஸ்ட் 8ஆம் திகதி பின்னேரம் நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் நின்றேன். கைபேசியை அரிசி மூட்டையில் சாய்த்து வைத்து, வெங்காயம் வெட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் சென் கொந்தன் ஆன் இவ்லின் அரங்கத்துக்குள்ளேயே இருந்தான். ஒரு வருடம் சேர்த்த காசில் வாங்கிய டிக்கெட். கடைசிப் பந்தயம் நடக்கும்போது என் திரை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் குசினியில் இணையம் ஒழுங்காக வராது. அப்போது மகனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "அப்பா, தோமா விழுந்திட்டார்." கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த செய்தி வரும்வரை வெங்காயத்தைத் தொடவில்லை. "ஏறிட்டார்" என்று வந்தது.

ஓம்னியம் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த வரியை வாசித்த மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே நாளில் நான்கு பந்தயம்: ஸ்க்ராட்ச் (முதலில் முடிப்பவர் வெல்வது), டெம்போ (சுற்றுக்குச் சுற்று முதலில் வருபவருக்குப் புள்ளி), எலிமினேஷன் (கடைசியில் வருபவர் ஒவ்வொருவராக வெளியேறுவது), கடைசியில் புள்ளிப் பந்தயம். முதல் மூன்றிலும் முதலாவதாக வருபவருக்கு 40 புள்ளி, அடுத்தவருக்கு 38, அதற்கடுத்தவருக்கு 36 என்று இறங்கிக்கொண்டே போகும். அதைச் சுமந்துகொண்டுதான் நான்காவதில் இறங்குவார்கள். 250 மீற்றர் மரத் தளத்தில் 100 சுற்று, 25 கிலோமீற்றர். சைக்கிளில் பிரேக் கிடையாது, பெடலை நிறுத்தவும் முடியாது. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை புள்ளி. கூட்டத்தை ஒரு முழுச் சுற்று முந்தினால் 20 புள்ளி கூடும், ஒரு சுற்றுப் பின்தங்கினால் 20 போய்விடும்.

இப்போது கணக்குப் பாருங்கள். அந்த வேகத்தில் ஒரு சுற்றுக்குப் பதினாறு, பதினேழு செக்கன்தான். ஒருவர் விழுந்து எழும்பி, சைக்கிளைச் சரிபார்த்து ஏற ஒரு நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் மூன்று சுற்றுக்கு மேல் போய்விடும். அறுபது புள்ளி! எலிமினேஷனில் முதலாவதாக வந்தாலும் அவ்வளவு கிடைக்காது. அதனால்தான் விதியே இருக்கிறது: விழுந்தவருக்கோ சில்லுப் பழுதானவருக்கோ 1,300 மீற்றருக்கு நெருக்கமான தூரம், அதாவது 250 மீற்றர் தளத்தில் ஐந்து சுற்று, கணக்கில் எடுக்கப்படாது. அதற்குள் ஏறித் திரும்பி வரலாம். அந்த ஐந்து சுற்றுக்குள் புள்ளிக்கான சுற்று வந்தால் அது அவருக்கு இல்லை, போனது போனதுதான். இது பிரெஞ்சுக்காரருக்கு மட்டும் எழுதி வைத்த விதியா?

என் மகன் விஷயத்தைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் சிறுவர்களுக்கான ஒரு புள்ளிப் பந்தயத்தில், முன்னால் போனவன் சட்டென்று இறங்க, இவனுடைய முன் சில்லு அவனுடையதில் பட்டது. மேல் வளைவிலிருந்து அடியிலுள்ள நீலப் பட்டை வரை வழுக்கிக்கொண்டே வந்தான். ஒரு நடுவர் ஓடி வந்து ஹெல்மெட்டைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு கையை உயர்த்தி ஐந்து விரலை விரித்துக் காட்டினார். ஒருவர் திரும்பியிருந்த ஹாண்டிலை நேராக்க, இன்னொருவர் பின்னால் பிடித்துத் தள்ளிவிட்டார். இதற்குள் ஒரு புள்ளிச் சுற்று அவனில்லாமல் போய்விட்டது. பதினோராவதாக வந்தான். அன்றிரவு மனைவி அவனைக் குப்புறப் படுக்க வைத்து, நான் டோர்ச் பிடிக்க, தொடையிலிருந்து சிலாம்பு எடுத்தார். பைன் மரச் சிலாம்பு. ஏழு என்று எண்ணியது ஞாபகம். அவனுக்கும் அதே ஐந்து சுற்றுத்தான். நீ எந்த நாட்டுப் பிள்ளை என்று அந்த நடுவர் கேட்கவில்லை.

உங்கள் இதழ் இப்படிப் பிழை விடுவது இது முதல் தடவை என்றால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2012இல் லண்டனில் ஓம்னியம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தது. அப்போது ஆறு பந்தயம்; ஒவ்வொன்றிலும் எத்தனையாவது இடமோ அதுதான் புள்ளி, குறைவாக எடுத்தவரே வெற்றியாளர். டென்மார்க்கின் லாஸ்ஸ நோர்மன் ஹான்சன் 27, பிரான்சின் பிரையன் கொக்கார் 29, பிரித்தானியாவின் எட் கிளான்சி 30. நீங்கள் அதைத் தலைகீழாக்கி, 30 எடுத்தவருக்குத் தங்கம் கொடுத்துவிட்டீர்கள். கடிதம் போட்டேன். ஒரு மாதம் கழித்து ஒரு திருத்தம் வந்தது: ஹான்சனின் பெயரிலிருந்த எழுத்துப் பிழைக்கு! வெண்கலம் வாங்கியவர் உங்கள் இதழில் இன்றுவரை தங்கத்தோடுதான் இருக்கிறார்.

2016இல் ரியோ. புள்ளிப் பந்தயத்தில் பிரித்தானியாவின் மார்க் கவெண்டிஷ் இறங்கியபோது தென்கொரியாவின் பார்க் சாங் ஹூன் மோதி விழுந்து, ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகப்பட்டார். அதற்கு அரைப் பக்கமும் பெரிய படமும் போட்டீர்கள். அதே விபத்தில் இத்தாலியின் எலியா விவியானியும் விழுந்தார், எழும்பினார், தங்கமும் வென்றார். அவர் எழும்பியது பற்றி ஒரு சொல் இல்லை. சலுகை என்றும் அப்போது எழுதவில்லை. இத்தாலிக்காரருக்கு பிரேசிலில் யார் சலுகை காட்டியிருப்பார்கள்?

தோமா ஒன்றும் திடீரென்று முளைத்தவர் அல்ல. 2017இல் ஹொங்கொங்கில் இதே ஓம்னியத்தில் உலக சாம்பியன். டோக்கியோ ஒலிம்பிக் ஓம்னியத்தில் நான்காவதாக வந்து பதக்கத்தைக் கோட்டைவிட்டவர். 2024 மே மாதம் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் லுக்கா நகரில் முடிந்த கட்டத்தை வென்றவர். டோக்கியோ முடிந்து மூன்று வருடம் காத்திருந்து, சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் விழுந்து எழும்பி வென்ற மனிதனை "சலுகை" என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். அப்புறம், வெள்ளி வென்ற போர்த்துக்கல்லின் யூரி லெய்த்தாவ் இரண்டு நாள் கழித்து ருயி ஒலிவேராவோடு, இருவர் சோடியாக ஓடும் மடிசன் போட்டியில் தங்கம் எடுத்தார். மெய்வல்லுநர் போட்டிகளுக்கு வெளியே அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கீச அம்மா அன்று வாசலில் கொடி கட்டி, போகிற வருகிற எல்லோருக்கும் கேக் கொடுத்தார். உங்கள் இதழில் அதற்கு ஒரு வரி இடமில்லை.

எங்கள் சனத்துக்கே சைக்கிள் என்றால் ஏன் இப்படி இளக்காரம் என்பது எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எண்ணெய்த் தடை இருந்த காலத்தில் விறகு, நெல், நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போனது. என் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு லுமாலா சைக்கிளின் கரியரில் வைத்து, விழாமல் இருக்கச் சேலையால் என் இடுப்போடு கட்டிக்கொண்டு மிதித்தேன். அதே ஊர்க்காரர் இன்று கோயில் மண்டபத்தில் என்னைப் பிடித்து, "படிக்க விடாமல் பிள்ளையைச் சைக்கிள் ஓட விட்டிருக்கிறியள்" என்கிறார்கள். நீங்களும் அரங்கேற்றங்களுக்கு முழுப் பக்கம் தருகிறீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மகளின் அரங்கேற்றமும் உங்கள் இதழில் வந்தது, அந்த நன்றி எப்போதும் உண்டு. மகன் பரிசு வாங்கிய படத்தை இரண்டு தடவை அனுப்பினேன். கிடைத்தது என்றுகூட ஒரு பதில் வரவில்லை.

சரி, அதெல்லாம் போகட்டும். நான் எழுத உண்மையான காரணம் ஒன்றுதான். மகனுக்குத் தமிழ் வாசிக்க இப்போதுதான் வருகிறது. சைக்கிள் படம் இருந்ததால், சென்ற ஞாயிறு உங்கள் இதழைத் தானாகவே எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தான். இந்த வீட்டுக்குள் வந்த தமிழில் அவன் தானாக எடுத்து வாசித்த முதல் செய்தி அது. கடைசி வரியில் நின்று, "சலுகை எண்டால் என்னப்பா?" என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எனக்கும் சலுகை தந்தவையோ?" என்றான்.

அவனுக்கு நான் சொன்ன பதில் எங்களுக்குள் இருக்கட்டும். உங்களிடம் கேட்பது மிகச் சிறியது. வருகிற இதழில், எந்த மூலையில் என்றாலும் பரவாயில்லை, தோமா விதிப்படியே பந்தயத்துக்குத் திரும்பினார் என்று ஒரு வரி போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் வந்தால் நல்லது, அவன் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
இருபத்தாறு வருட வாசகன்,
பாரிஸ் புறநகர்