பர்பரிக்கு ஒரு திறந்த மடல்: சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் பணம் கொடுங்கள்

பர்பரி நிறுவனத்தின் இயக்குநர் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் பிரிட்டனின் ஆடம்பர ஆடை நிறுவனம், நான் உங்கள் வாடிக்கையாளன் இல்லை. ஆயிரம் பவுண்டுக்கு மேல் விலை போட்ட ஒரு மழைக்கோட்டு என் வீட்டு வரவுசெலவில் எந்த மூலையிலும் அடங்காது. கிழக்கு லண்டனில், பதின்ம வயதுப் பிள்ளைகள் மாலையில் கூடும் ஒரு யூத் கிளப்பில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தன்னார்வலராக நிற்பவன், அவ்வளவுதான். 2020 நவம்பரில் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டோடு கைகோத்து நீங்கள் அறிவித்த திட்டங்களில் எங்களைப் போன்ற கிளப்புகளுக்கும் பங்கு இருந்தது. எங்கள் கிளப்புக்கு அதில் எதுவும் வரவில்லை. அந்த மனக்குறையில் எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த மாதிரிப் பணம் எந்த உருவத்தில் வந்தால் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று பேசத்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குக் கோபமும் மரியாதையும் ஒன்றாக வருவது இந்த மொழியில்தான். மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ள உங்களால் முடியும்.

கதை உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது, இலவச மதிய உணவு பெற்றுவந்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் பிள்ளைக்கு வாரம் 15 பவுண்டு வீதம் வவுச்சர் கொடுத்தார்கள். கோடை விடுமுறையில் அது கிடையாது என்றது அரசு. அப்போது ராஷ்ஃபோர்டுக்கு வயது 22. மான்செஸ்டர் யுனைட்டடின் முன்கள வீரர். 2020 ஜூனில் எல்லா எம்பிக்களுக்கும் ஒரு திறந்த மடல் எழுதினார். குறைந்தபட்சக் கூலிக்கு முழுநேரம் உழைத்த அம்மா, பள்ளியின் காலை உணவு கிளப், இலவச மதிய உணவு, அக்கம்பக்கத்தாரின் கருணை, இவை எல்லாம் சேர்ந்து வளர்த்த பையன் நான் என்று அதில் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். மடல் வெளியான மறுநாளே அரசு இறங்கிவந்தது. இங்கிலாந்தில் 13 லட்சம் பிள்ளைகளுக்கு 12 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள்.

அப்புறம் அக்டோபர் வந்தது. பள்ளி விடுமுறைகளிலும் உணவு கொடுக்க வேண்டும் என்ற தீர்மானம் நாடாளுமன்றத்தில் 322க்கு 261 என்ற கணக்கில் தோற்றது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நீங்கள் உள்ளே வந்தீர்கள். மிஞ்சும் உணவைச் சேகரித்து அறநிறுவனங்களுக்கு அனுப்பும் ஃபேர்ஷேர் அமைப்பு மூலமாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சாப்பாடு, ராஷ்ஃபோர்டு வளர்ந்த மான்செஸ்டரின் வைதன்ஷாவில் நார்புரூக் யூத் கிளப்புக்கும் வுட்ஹவுஸ் பார்க் மையத்துக்கும் உதவி, லண்டன் யூத் அமைப்பு வழியாக இங்குள்ள மையங்களுக்குப் பணம். அடுத்த ஆண்டு எழுத்தறிவுக்காக உழைக்கும் நேஷனல் லிட்ரசி டிரஸ்ட்டோடு சேர்ந்து பள்ளி நூலகங்களுக்கும் கை கொடுத்தீர்கள். நல்ல காரியம்தான். விளம்பரத்துக்காகச் செய்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. விளம்பரமும் இருக்கட்டுமே, பசித்த பிள்ளைக்கு ரொட்டி எந்தக் காரணத்துக்காக வந்தால் என்ன?

தமிழ்நாட்டில் சத்துணவுத் தட்டோடு வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் மதியம் சோறு போடுவது அரசின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றில், ஒரு குடும்பத்தின் உழைப்பு வருமானம் ஆண்டுக்கு 7,400 பவுண்டைத் தாண்டினால் பிள்ளைக்கு இலவசச் சாப்பாடு இல்லை என்ற விதி 2018இலிருந்து இருந்துவந்ததை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் 2026 செப்டம்பரிலிருந்து கொடுப்போம் என்று 2025 ஜூனில்தான் அரசு அறிவித்தது. ராஷ்ஃபோர்டின் மடலுக்கு ஐந்து ஆண்டு கழித்து.

நீங்கள் யூத் கிளப்புகளைத் தேர்ந்தெடுத்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. சாப்பாட்டுக்குக் கொடுக்கப் பலர் உண்டு. யூத் கிளப்பைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் இளைஞர் சேவைக்குச் செலவழித்த தொகை 2010க்குப் பிறகு பத்து ஆண்டுக்குள் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்துவிட்டது என்று இளைஞர்களுக்கான தொண்டு நிறுவனமான ஒய்எம்சிஏ கணக்குக் காட்டியிருக்கிறது. ஆண்டுக்கு 100 கோடி பவுண்டு அளவுக்குக் காணாமல் போயிருக்கிறது. கணக்கில் அது ஒரு வரி. தெருவில் பார்த்தால், பூட்டிய கட்டடம், அதன் வாசலில் போக இடமில்லாமல் நிற்கும் பதினாலு வயதுப் பையன்கள்.

எங்கள் கிளப் பிழைத்துக்கிடக்கிறது. ஒரு பழைய ஹால், வலை தொங்கிப்போன டேபிள் டென்னிஸ் மேசை, சமையலறை ஜன்னலில் ஒரு டோஸ்டர். ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தால் முதல் வரிசை அந்த ஜன்னலுக்குத்தான். இரண்டு பாக்கெட் பிரெட் கால்மணி நேரத்தில் தீரும். மூன்றாவது முறை வந்து நிற்கும் பிள்ளையிடம் ‘வீட்டில் சாப்பிடலையா?’ என்று கேட்கக் கூடாது. அது எங்களுடைய எழுதாத சட்டம். பிள்ளையைப் பார்த்தாலே புரிந்துகொண்டு, அடுத்த வாரம் அந்த வீட்டுக்கு யாரிடமிருந்து என்ன உதவி போக வேண்டும் என்று ஏற்பாடு செய்வது யூத் ஒர்க்கரின் வேலை. அவர் சம்பளம் வாங்குபவர், பயிற்சி பெற்றவர். என்னைப் போன்ற தன்னார்வலர்களுக்கு டோஸ்ட் போடத் தெரியும். அந்த வேலை தெரியாது.

இப்போது எங்கள் கிளப்பின் ஓர் அலமாரியைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம், நீங்கள் இல்லை) எங்களுக்கு நன்கொடை கொடுத்தது. பாட்டு பதிவு செய்யும் கருவிகள், மைக், ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர், சுவரில் ஒரு பெரிய ஓவியம், திறப்பு விழாவுக்கு போட்டோகிராபர், எல்லாம் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. இந்தப் பணத்தைச் சம்பளத்துக்கோ வாடகைக்கோ மின்கட்டணத்துக்கோ செலவிடக் கூடாது. பிள்ளைகள் முதல் குளிர்காலத்தில் ராப் பாட்டு பதிவு செய்து தள்ளினார்கள், உண்மையிலேயே அருமையாக இருந்தது. அடுத்த ஆண்டு, மிக்ஸரை இயக்கத் தெரிந்த யூத் ஒர்க்கரின் பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பணமில்லை. அவர் ஒரு கிடங்கு வேலைக்குப் போய்விட்டார். மிக்ஸர் அலமாரிக்குள் போய்விட்டது. அதன் மேல் அந்த நிறுவனத்தின் ஸ்டிக்கர் புத்தம் புதிதாக இருக்கிறது. ஹீட்டர் பழுதான ஜனவரியில் பிள்ளைகள் கோட்டோடு டேபிள் டென்னிஸ் ஆடினார்கள்.

அந்த நிறுவனத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நன்கொடை உலகத்தின் வழக்கமே அப்படித்தான். கொடுப்பவருக்குப் படம் எடுக்கத்தக்க பொருள் வேண்டும். ஒரு மனிதரின் மாதச் சம்பளத்தைப் படம் எடுக்க முடியாது. கேஸ் பில்லுக்கு ரிப்பன் வெட்ட முடியாது. ஆனால் கிளப் என்பது அந்த மனிதரும் அந்த கேஸும்தான், மிக்ஸர் இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒரு பண்டிகைக்கால விளம்பரத்தோடு வரும் தொகையாக இல்லாமல், யூத் கிளப்புகளின் அன்றாடச் செலவுக்கு, எதற்குச் செலவழிப்பது என்று கிளப்பே முடிவு செய்யும்படி, பத்து ஆண்டுக்கு எழுதிக்கொடுங்கள். ஒரு முழுநேர யூத் ஒர்க்கரின் ஆண்டுச் சம்பளம், உங்கள் பெயர்போன மழைக்கோட்டான டிரெஞ்ச் கோட்டை நீங்கள் ஏறத்தாழ இருபது விற்றால் வரும் காசு.

பத்து ஆண்டா என்று புருவம் உயர்த்த வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை செய்ததுதான். வேல்ஸ் நாட்டில் ரோண்டா பள்ளத்தாக்கில், ட்ரியோர்க்கி என்ற ஊரில் உங்களுக்கு போலோ சட்டை தைக்கும் தொழிற்சாலை இருந்தது. 2007 மார்ச்சில் அதை மூடினீர்கள். சுமார் 300 பேருக்கு வேலை போயிற்று, தையல் வெளிநாட்டுக்குப் போயிற்று. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடி ஏற்கெனவே அடிவாங்கிய ஊர் அது. தொழிலாளர்கள் விடவில்லை. தொழிற்சங்கம், எம்பிக்கள், நடிகர்கள் என்று பலரும் சேர்ந்து உங்களைத் துரத்தினார்கள். தொழிற்சாலையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்தப் பகுதி மக்களுக்காக ஆண்டுக்கு 1,50,000 பவுண்டு வீதம் பத்து ஆண்டுக்கு ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டீர்கள். அழுத்தம் இருந்தபோது பத்து ஆண்டு முடிந்திருக்கிறது. அழுத்தம் இல்லாதபோதும் முடியும் என்று எதிர்பார்ப்பது பேராசையா?

காசு இல்லை என்ற பதிலும் இங்கே எடுபடாது. விற்காத துணியும் வாசனைத் திரவியமுமாக 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சரக்கை ஒரே ஆண்டில் எரித்ததாக 2018இல் வெளிவந்தது உங்களுடைய சொந்த ஆண்டறிக்கையில்தான். மலிவு விலைக்கு விற்றால் பிராண்டின் மதிப்புக் குறையும் என்பதால் எரிப்பது ஆடம்பரத் துணி உலகின் பழைய பழக்கம். ஊர் சிரித்தது, அதே ஆண்டு செப்டம்பரில் நிறுத்திவிட்டோம் என்றீர்கள். நிறுத்தியதற்குப் பாராட்டு. எரிக்கப் பணம் இருந்த வீட்டில் கேஸ் பில்லுக்குப் பணம் இல்லை என்று சொன்னால் நாங்கள் நம்ப மாட்டோம், அவ்வளவுதான்.

இப்போது உங்களுக்கு நல்ல காலம் இல்லை என்பதையும் அறிவேன். 2025 மே மாதம், உலகம் முழுவதும் 1,700 வேலைகள் வரை குறைக்கலாம் என்று அறிவித்தீர்கள். யார்க்‌ஷயரின் காசில்ஃபோர்டில், டிரெஞ்ச் கோட்டு தைக்கும் ஆலையில் இரவு ஷிப்டை எடுத்துவிடுவதும் அதில் ஒன்று. இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இரவு ஷிப்டில் தைத்தவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வேலை போன வீட்டுப் பிள்ளைதான் சில மாதம் கழித்து ஏதோ ஒரு கிளப்பின் டோஸ்டர் ஜன்னலில் மூன்றாவது முறை வந்து நிற்கும். குழந்தைகள் நலம் ஒரு துறை, தொழிற்சாலை வேறு துறை என்று உங்கள் அலுவலகத்தில் இரண்டு கோப்பாகப் பிரித்து வைக்கலாம். காசில்ஃபோர்டில் அவை இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. அதனால்தான் கேட்கிறேன், அந்தப் பத்து ஆண்டுப் பணத்தை யார்க்‌ஷயரில் தொடங்குங்கள்.

விளையாட்டு வீரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஷ்ஃபோர்டை நீங்கள் தேர்ந்தெடுத்தபோது நாடே அவரைத் தோளில் தூக்கி வைத்திருந்தது. 2021 ஜூலையில் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையான யூரோவின் இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அன்று இரவே மான்செஸ்டரின் விதிங்டனில் சுவரில் வரைந்திருந்த அவருடைய முகத்தை யாரோ அசிங்கப்படுத்தினார்கள். அந்தத் தெருக்காரர்கள் அதன் மேல் காகித இதயங்களையும் கைப்பட எழுதிய சீட்டுகளையும் ஒட்டி மூடினார்கள். அப்புறம் அவருடைய ஆட்டம் ஏறியது, இறங்கியது. 2025இல் முதலில் ஆஸ்டன் வில்லாவுக்கும் பிறகு பார்சிலோனாவுக்கும் இரவலாகப் போனார். கால்பந்தில் இதெல்லாம் சகஜம். ஆனால் பிராண்டுகளுக்குச் சகஜமில்லை. கோல் வரும்வரை போஸ்டர் இருக்கும், கோல் நின்றால் போஸ்டர் மாறும். பிள்ளைகளுக்கான பணத்தை ஒரு வீரரின் ஆட்டத்தோடு முடிச்சுப் போட்டால் அந்தப் பணமும் காயம்பட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடும். அடுத்து எந்த வீரரோடு கைகோத்தாலும், அவர் போன பிறகும் பணம் தொடரும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ராஷ்ஃபோர்டு செய்ததில் மிகப் பெரியது நன்கொடை திரட்டியது இல்லை, அரசை அசைத்தது. உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு அமைச்சர்களின் கதவு எங்களைவிடச் சீக்கிரம் திறக்கும். வரிச் சலுகை கேட்கப் போகும்போது, இளைஞர் சேவைக்கு வெட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் ஒருமுறை கேளுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

பதில் எழுதுவதாக இருந்தால் எனக்கு வேண்டாம். 2020இலும் 2021இலும் நீங்கள் பெயர் சொல்லி அறிவித்த கிளப்புகள், நூலகங்கள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு போயிற்று, எந்த ஆண்டு வரை போயிற்று, அதில் சம்பளத்துக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். வைதன்ஷாவில் இருப்பவர்களும் காசில்ஃபோர்டில் இருப்பவர்களும் படித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வெள்ளிக்கிழமைத் தன்னார்வலன்
கிழக்கு லண்டன்