தாளோடு வருபவர்களை எந்தத் தெருவுக்கு அழைத்துப் போகிறோம்?

பழைய வட ஆற்காட்டுக் கிராமங்களின் ஊர்ப் பெரியவர்களுக்கும், ஊராட்சித் தலைவர்களுக்கும், கோயில் தர்மகர்த்தாக்களுக்கும்,

வணக்கம்.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். சங்கிலியும் புலப்படமுமாக உங்கள் ஊர்கள் பலவற்றை நடந்தே அறிந்தவன். ஓய்வுக்குப் பிறகு, தென்னாப்பிரிக்காவிலிருந்து பூர்விகம் தேடி வருபவர்களுக்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் போய்வருகிறேன். அப்படிப் போன ஒரு பயணத்தைச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. அதில் தவறு செய்தவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் டர்பனிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. தமிழ் பேசத் தெரியாது. 'ஆயா', 'சாமி', 'விளக்கு' என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள் மட்டும் அவர் வீட்டில் ஐந்து தலைமுறை தாண்டியும் உயிரோடு இருந்தன. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாளை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். அவருடைய கொள்ளுத் தாத்தாவின் தகப்பனார் கப்பலேறியபோது எழுதப்பட்ட பதிவின் நகல் அது.

காரில் போகும்போதே அதைப் படித்துவிட்டேன். சாதி என்ற கட்டத்தில் 'பறையர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அம்மாள் கேட்டார். "அந்தக் காலத்துக் குறிப்பு, அவ்வளவு முக்கியமில்லை" என்றேன்.

ஊருக்குள் நுழைந்ததும் அவருடைய பெயரைக் கேட்டார்கள். பெயருக்குப் பின்னால் நாயுடு என்று இருந்தது. அவ்வளவுதான், நாயுடு தெருவுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அங்கே ஒரு பெரியவர், தன் பாட்டனாரின் தம்பி ஒருவர் கப்பலேறிப் போனதாகச் சொன்னார். மாலை வந்தது, தேங்காய் உடைந்தது, எல்லோரும் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் திண்ணையைத் தடவிப் பார்த்து அழுதார். வாய்க்காலுக்கு அப்பால், ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குடியிருப்புக்கு நாங்கள் போகவே இல்லை. அன்று அங்கே நின்ற எல்லோரிலும், தாளில் இருந்ததை அறிந்தவன் நான் ஒருவன்தான். நான் வாய் திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்த அம்மாள் தன் குடும்ப மரத்தை அச்சிட்டு எனக்கு ஒரு படி அனுப்பினார். அந்தப் பெரியவரின் வீட்டார் அத்தனை பேரும் அதில் கிளைகளாக இருந்தார்கள்.

இப்படி வருபவர்களின் கதையை உங்களில் பலர் அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள். 1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், நவம்பர் 16ஆம் தேதி 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அந்தத் தேதியை இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்த 342 பேரைத் தங்கள் முன்னோடிகள் என்கிறார்கள். அதிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் என்ற அன்றைய ஆங்கிலேயக் குடியேற்றப் பகுதிக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் மொத்தம் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அவர்களில் உங்கள் வட்டாரத்து ஆட்கள் மிக அதிகம். கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்க நினைத்தவர்கள் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி போட்டது. பலர் மறுபடியும் ஒப்பந்தத்துக்குள் போனது அதனால்தான்.

அவர்கள் கொண்டுவரும் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை. ஒவ்வொரு கூலிக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கப்பலின் பெயர், வந்த தேதி, ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பது வரை அந்த எண்ணுக்கு நேராக எழுதிவைத்தார்கள். அந்தப் பட்டியல்களைப் பெயர்த்தெழுதும் பெரும்பணி டர்பனில் நடந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் காந்தி லுத்துலி ஆவண மையத்தில் அது இருக்கிறது. ஆளை ஆடுமாடு போல அடையாளம் வைத்து அனுப்பிய பதிவு என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் நம் ஊரில் 1860களில் பிறந்த ஓர் ஏழைக்கு நாம் வைத்திருக்கும் பதிவு என்ன என்று யோசித்துப் பாருங்கள். பட்டா இல்லை, அதனால் நிலப் பதிவேட்டில் பெயர் இல்லை. கிராமத்தில் பிறப்புப் பதிவு அன்று கட்டாயமில்லை. அந்த ஆளுக்கும் ஒரு தகப்பன் இருந்தான், கன்னத்தில் ஒரு தழும்பு இருந்தது என்பதற்கு உலகத்தில் மிஞ்சிய எழுத்து அந்த ஒரு வரிதான்.

அந்த வரியிலும் குழப்பம் உண்டு. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் காதால் கேட்டு எழுதிய குமாஸ்தா, வந்தவாசியை 'வாண்டிவாஷ்' என்றும் ஆரணியை 'ஆர்னீ' என்றும் எழுதினார். சாதிக் கட்டத்தில் சிலருக்கு 'மலபார்' என்றே இருக்கும். உடனே கேரளம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அன்றைய ஆங்கிலேயர்கள் தமிழரையே அப்படி அழைத்தார்கள். சிலர் வேண்டுமென்றே பெயரையும் சாதியையும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். கடனுக்கோ அண்ணன் தம்பிக்கோ பயந்து ஓடியவர் உண்மையான ஊரைச் சொல்லுவாரா? எனவே தாள் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான்.

குடும்பப் பெயரில் ஆரம்பிப்பதுதான் பெரிய தவறு. நேட்டாலில் எல்லோருக்கும் ஒரு குடும்பப் பெயர் வேண்டும் என்று ஆனபோது, தகப்பன் பெயரையே சிலர் வைத்துக்கொண்டார்கள். சிலர் நாயுடு, பிள்ளை, ரெட்டி, செட்டி என்ற பட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டம் ஊரிலிருந்து கூடவே வந்ததாகவும் இருக்கலாம், கடல் கடந்த பிறகு சூட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். இங்கே அவமதிக்கப்பட்ட ஒருவர் அங்கே போய் ஒரு பட்டத்தை எடுத்துக்கொண்டார் என்றால் அதைப் பித்தலாட்டம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. 'கோவெண்டர்' என்ற பெயரைப் பாருங்கள். கோவிந்தன் என்பது திரிந்து அப்படி ஆனதென்று நினைத்து ஒரு ஊரில் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். அது கவுண்டர் என்பதன் திரிபு. அதுவும் கொங்கு நாட்டுக் கவுண்டர் என்று முடிவு கட்ட வேண்டாம். உங்கள் பக்கத்து வன்னியர்களுக்கும் அந்தப் பட்டம் உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஊரைக் கண்டுபிடிப்பதில் என் பழைய வேலை உதவுகிறது. தாளில் வட ஆற்காடு என்று இருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களை மட்டும் தேடினால் போதாது. 1911 வரை சித்தூரும் அதற்குள்தான் இருந்தது. கூலிக் கப்பல்கள் நின்ற அதே ஆண்டில் மாவட்டமும் பிரிந்தது. அதனால் பலருடைய ஊர் இப்போது ஆந்திரத்தில் இருக்கிறது. திருப்பத்தூரோ அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. மதுரைப் பக்கம் இன்னொரு திருப்பத்தூரும் உண்டு. புதூர், நல்லூர், மேட்டூர் என்ற பெயர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரே வட்டத்தில் இரண்டு மூன்று இருக்கும். கிராமம் என்று எழுதியிருப்பது வருவாய்க் கிராமமாக இல்லாமல், அதற்குள் அடங்கிய ஒரு குக்கிராமமாக இருக்கலாம். ஏரிக்குள் போன ஊரும் உண்டு.

காலத்தையும் ஒத்துப் பாருங்கள். நேட்டாலுக்கு 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றுபோயிருந்தது. "1870ல் எங்கள் தாத்தா கப்பலேறினார்" என்று உங்கள் ஊர்ப் பெரியவர் சொன்னால், அவர் சொல்வது மொரீஷியசாகவோ வேறு நாடாகவோ இருக்கலாம். அல்லது ஆண்டு தவறாக இருக்கலாம். 1876 முதல் 1878 வரை இருந்த தாது வருடப் பஞ்சத்தை ஒட்டி நடந்ததாகச் சொன்னால் கவனித்துக் கேட்கலாம்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன்.

தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ஏறத்தாழ ஏழாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல்தான் உறவு சொல்கிறோம் என்பது எனக்குத் தெரியும். அதில் நல்லெண்ணம் உண்டு. கோயில் கோபுரத்துக்கு நன்கொடை கிடைக்கும் என்ற எண்ணமும் சில இடங்களில் உண்டு, மறைப்பானேன். ஆனால் உறவு கிடைத்துவிட்டது என்று நம்பிப் போகிறவர் அதோடு தேடுவதை நிறுத்திவிடுகிறார். பக்கத்து வட்டத்தில் அதே பெயரில் இருக்கும் ஊருக்கு அவர் போகப் போவதில்லை.

அவர் கையில் இருக்கும் தாள் எந்தத் தெருவைக் காட்டுகிறதோ அந்தத் தெருவுக்கு அழைத்துப் போங்கள். அது சேரியாக இருந்தால் சேரிக்கு. வெளிநாட்டிலிருந்து காரில் வந்த விருந்தாளியை அங்கே எப்படிக் கூட்டிப் போவது என்ற தயக்கத்தை, விருந்தாளியின் மனம் நோகக் கூடாது என்ற அக்கறையாக நாம் மாற்றிப் பேசிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் காரில் பேசினேன். நோவது யாருக்கு என்று பின்னால் யோசித்தேன். அந்த அம்மாளுக்கு அந்தச் சொல்லில் எந்த வெட்கமும் இல்லை, அதன் பொருளே அவருக்குத் தெரியாதே. கூச்சம் முழுவதும் எனக்குத்தான்.

அங்கே இருக்கும் முதிய பெண்களிடம் கேளுங்கள். ஆண்கள் வம்சாவளியைச் சொல்லுவார்கள், அதில் ஓடிப்போனவனுக்கு இடமிருக்காது. "அந்த வீட்டுப் பெரிய பிள்ளை கோபித்துக்கொண்டு பட்டணம் போனான், திரும்பவில்லை" என்பதைப் பெண்கள்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். குலதெய்வத்தின் பெயரையும் கேட்டு ஒப்பிடுங்கள். நேட்டாலில் மொழி போன வீடுகளிலும் சாமியின் பெயர் பெரும்பாலும் தங்கியிருக்கிறது.

ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வந்தவரின் பெயர், அவருடைய முன்னோரின் எண், கப்பல், அவர் தேடும் ஆளின் தகப்பன் பெயர், இவை போதும். ஒரே கப்பலில் ஒரே ஊரிலிருந்து போன இரண்டு பேரின் வாரிசுகள் வெவ்வேறு ஆண்டுகளில் வந்து, ஒருவரைப் பற்றி ஒருவர் அறியாமலே திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன். இருபது ரூபாய் விலையில் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால் அவர்கள் டர்பனிலேயே சந்தித்திருப்பார்கள்.

அந்த அம்மாளுக்குச் சென்ற மாதம் எழுதினேன். சாதிக் கட்டத்தில் இருந்த சொல்லின் பொருளையும், நான் அதை மறைத்ததையும், மரத்தில் இருக்கும் கிளைகள் அவருடையவை என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதையும் எழுதினேன். மூன்று வாரம் பதில் இல்லை. அவர் இனி எழுத மாட்டார் என்றே நினைத்தேன். போன திங்கட்கிழமை நான்கே வரியில் பதில் வந்தது. கோபம் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. கடைசி வரி ஒரு கேள்வி: அந்த வாய்க்காலுக்கு அப்பால் இப்போது யார் இருக்கிறார்கள்?

எனக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பக்கத்தை அளந்திருக்கிறேன், யாரிடமும் உட்கார்ந்து பேசியதில்லை. வருகிற ஞாயிறு போகிறேன். அந்த ஊர்த் தலைவர் இதைப் படித்தால், தயவுசெய்து மாலை ஏற்பாடு எதுவும் வேண்டாம். கூட வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்