பத்துக் கட்டளையும் கலெக்டர் ஆபீஸும்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு, காட்பாடியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்.

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். டெக்ஸாஸ் அரசுப் பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளையை மாட்டச் சொல்லி 2025இல் சட்டம் வந்ததற்கு உங்கள் சபையில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தீர்களாமே. எனக்கு அதில் சந்தோஷப்பட வரவில்லை.

2002 அக்டோபரில் நீ சின்னப் பையன். கட்டாய மதமாற்றத் தடை என்று இங்கே ஜெயலலிதா அரசில் அவசரச் சட்டம் போட்டார்கள். மதம் மாறுகிற சடங்கை நடத்தினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆசை காட்டி மாற்றியதாக நிரூபித்தால் 3 வருஷம் வரை ஜெயில், 50,000 ரூபாய் வரை அபராதம். மாறியவர் பெண்ணோ தலித்தோ என்றால் 4 வருஷம் வரை, 1 லட்சம் வரை. ஞானஸ்நானத்துக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நாமெல்லாம் கொதித்தோம். போட்டவர்களோ, ஏழைகளை ஏமாற்றாமல் காப்பாற்றுகிறோம் என்றுதான் சொன்னார்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அடி வாங்கியதும் திரும்பப் பெற்றார்கள்.

மனசாட்சியில் சர்க்கார் கை வைக்கக் கூடாது என்று அன்றைக்கு இங்கே கேட்ட நாம், அங்கே ஆள்பலம் இருக்கிறது என்பதற்காக வேறு நியாயம் பேசலாமா? உன் பக்கத்து வீட்டு குஜராத்திப் பிள்ளை, 'என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்' என்ற வரிக்குக் கீழே உட்கார்ந்துதானே கணக்குப் போட வேண்டும்?

அப்படியானால் மதுவிலக்கு மட்டும் கேட்கலாமா என்பாய். அது வேறு சங்கதி. ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கினார், நம் வட ஆர்க்காட்டுக்கு 1939இல் வந்தது. பைபிளைக் காட்டிக் கேட்கிற சட்டமில்லை அது. குடிகாரன் பெண்டாட்டி எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அடி ஒன்றுதான். நம் தெருவில் பீடி சுற்றுகிற அக்காவைத் தெரியுமல்லவா? மடியில் முறம், கையில் கத்தரி, பொழுதெல்லாம் தலை நிமிராது. சனிக்கிழமை கூலி வந்ததும் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பாள், அவள் புருஷன் அதையும் துழாவி எடுத்துக்கொண்டு டாஸ்மாக் போய்விடுவார். அவளுக்காகச் சட்டம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். (சட்டம் இருந்த காலத்தில் வேலூர் பக்கத்து அணைக்கட்டு ஊரை ஒட்டிய மலையில் சாராயம் காய்ச்சினார்கள் என்பாய். ஆமாம், காய்ச்சினார்கள்.)

சபைக்கு வெளியே இருக்கிறவர்களைத் தீர்ப்புச் செய்வது என் வேலையா என்று அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபையாருக்கு எழுதினாரே, அங்கே அவர் கோபமெல்லாம் சபைக்குள் நடந்ததன் மேல்தான். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. போன மாதம் நம் சபைக் கோயிலில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஒரு கல்யாண ஓலை வாசித்தார்கள். பெண் வீட்டார் காருக்குக் கடன் வாங்கியது முன்வரிசைக்கே தெரியும். தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஆயர் நிறுத்தினார். ஒருத்தர் இருமினார், அவ்வளவுதான். இந்த லட்சணத்தில் ஊராருக்குச் சட்டம் போடுகிறோம்!

பள்ளிக்கூடத்துப் பக்கத்து மதுக்கடையை மூடச் சொல்லி வருகிற ஞாயிறு பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கையெழுத்து வாங்குகிறோம். பள்ளிவாசல் தெருப் பெண்களும் மாரியம்மன் கோயில் தெருக்காரர்களும் சேர்கிறார்கள். மனுவில் வசனம் போடலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். உனக்கு ஒப்பவில்லையென்றால் நீயும் எழுது, வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டாதே.

ஜெபத்துடன்,
அம்மா