யெஸ்டி வாங்கப் போகிற மகளுக்கு

கோயம்புத்தூர்

கண்ணு,

நீ வாங்கப் பார்க்கிற யெஸ்டி ரோட்கிங் பைக்கின் போட்டோ எல்லாவற்றையும் பெரிசு பண்ணிப் பார்த்தேன். டேங்க் பளபளக்கிறது, குரோம் கண்ணைப் பறிக்கிறது. இன்ஜினைக் கிட்டத்தில் எடுத்த போட்டோ மட்டும் ஒன்றுகூட இல்லை. பழைய ரோட்கிங் விற்கிறவன் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.

உங்கம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. "வாசலில் நிற்கிற புல்லட் ஒண்ணு போதாதா?" என்பாள். சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

நான் புல்லட்காரன், நீ யெஸ்டி பக்கம் போகிறாய். மைசூரில் இருந்துகொண்டு வேறு எதை வாங்குவாய்! அந்த ஊர் யாதவகிரியில்தான் ஐடியல் ஜாவா ஃபேக்டரி இருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா பைக் கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கி 1961-ல் ஆரம்பித்தார்கள். பிறகு பெயர் யெஸ்டி ஆனது. 1996-ல் மூடிவிட்டார்கள். ஃபேக்டரி போனாலும் அதில் கை பழகினவர்களிடம் தொழில் கற்ற மெக்கானிக்குகள் அங்கே இன்னும் இருப்பார்கள். வண்டி பார்ப்பதற்கு முன்னால் அப்படி ஒருவரைப் பிடி. நல்ல மெக்கானிக் கிடைத்துவிட்டால் சுமாரான வண்டியைக்கூட வாங்கலாம்.

உன் வெயிட்டுக்குக் கிக்கர் வண்டியெல்லாம் ஆகாது என்று ஆபீஸில் பையன்கள் சொன்னார்களாமே. அவர்கள் பட்டனை அழுத்திப் பழகினவர்கள், விட்டுத்தள்ளு. புல்லட்டைப் பலத்தால் உதைக்கிறவன் முழங்காலைக் கெடுத்துக்கொள்வான். பட்டறையில் பார்த்திருக்கிறேன், எண்பது கிலோ ஆள் வேர்த்து ஊற்ற உதைத்து ஓய்ந்து உட்கார்ந்த வண்டியை, ஒல்லியான மெக்கானிக் வந்து ஒரே மிதியில் கிளப்பிவிட்டுப் பேசாமல் போவார்.

நம் வண்டியை நான் கிளப்பும்போது பார்த்திருக்கிறாய். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்ப் மீட்டரையே, கரண்ட் போவதையும் வருவதையும் காட்டுகிற முள்ளையே, பார்த்துக்கொண்டு நிற்பேனே, ஏன் என்று நீ கேட்டதில்லை. உள்ளே இருப்பது ஒரே பிஸ்டன், 70 மி.மீ. குறுக்களவு, 90 மி.மீ. ஓட்டம், மொத்தம் 346 சி.சி. அந்தப் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் உதைத்தால் அடைபட்ட காற்றோடு மல்லுக்கட்டுவதுதான் மிச்சம். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே வந்தால் முள் ஓரிடத்தில் மைனஸ் பக்கத்திலிருந்து நடுவுக்குத் துள்ளும். பாயின்ட், அதாவது பொறிக்கான கரண்டை விட்டு நிறுத்துகிற சுவிட்ச், திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்தி, இடது கைப்பக்கம் இருக்கிற டிகம்ப்ரஷன் லிவரை, அடைபட்ட காற்றைத் திறந்துவிடுகிற லிவரை, பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் இத்துனூண்டு இறக்கினால் 'உஸ்' என்று காற்று போகும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அடிவரைக்கும் ஒரே மிதி. அவசரம் கூடாது, பாதியில் காலைத் தளர்த்தவும் கூடாது. தளர்த்தினால்தான் ரிட்டன் அடிக்கும், கிக்கர் திரும்பிக் காலையே அடிக்கும். செருப்போடு உதைக்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

இந்த வண்டிகள்மேல் எனக்கு இருக்கிற பைத்தியத்துக்குக் காரணம் இதுதான். தடதட சத்தத்துக்காக இல்லை. அந்தச் சத்தத்துக்காகவே சைலன்சரை அறுத்து மாட்டிக்கொண்டு ரேஸ்கோர்ஸ் ரோட்டைச் சுற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மூடியைக் கழற்றாமலே உள்ளே நடப்பது காலுக்குத் தெரிகிறதே, அதற்காக. பட்டன் வண்டியில் இன்ஜினுக்கும் உனக்கும் அந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. 2021-ல் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ல் கிக்கரையே எடுத்துவிட்டார்கள். யெஸ்டி பெயரில் 2022-லிருந்து வருகிற புது வண்டிகளும் பட்டன்தான். அவை நல்ல வண்டிகள், குறை சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

ஒன்று கேட்டுக்கொள். கிக்கர் இருந்தால் பேட்டரி செத்தாலும் வண்டி கிளம்பும் என்று பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பேட்டரி காயில் இக்னிஷன் வண்டியில் பொறிக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். பேட்டரி படுத்துவிட்டால் நீ காலையிலிருந்து சாயங்காலம் வரை உதைக்கலாம்.

யெஸ்டிக்கு வருகிறேன். அது டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி, புல்லட் மாதிரி இவ்வளவு சடங்கு கிடையாது. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். இடது பக்கத்துக் கியர் லிவரை உள்ளே தள்ளித் திருப்பினால் அதுவே கிக்கர், கிளம்பினதும் பழையபடி இறக்கி வைத்தால் கியர் லிவர். கியரை மாற்றும்போதே கிளட்ச் தானாக விடுபடுகிற மாதிரியும் வைத்திருக்கிறார்கள். புல்லட்காரனாக இருந்தாலும் அதை ஒப்புக்கொள்கிறேன், யோசித்தவன் கெட்டிக்காரன். ஆனால் உள்ளே பல் தேய்ந்திருந்தால் உதைக்கும்போது வழுக்கும். அதை முதலில் பார்.

பார்க்கப் போகிறேன் என்று முன்கூட்டி நேரம் சொல்லாதே. சொன்னால் சூடு பண்ணி வைத்திருப்பார்கள், சூடான இன்ஜின் எல்லாமே சமர்த்தாகக் கிளம்பும். போனதும் சிலிண்டரில் கை வைத்துப் பார், ஜில்லென்று இருக்க வேண்டும். கிளம்பியதும் கொஞ்சம் புகை வரும், அது டூ ஸ்ட்ரோக்கின் குணம். நன்றாகச் சூடான பிறகும் வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் கிராங்க் ஆயில் சீல், அதாவது இன்ஜினுக்குள் கியர் ஆயில் வராமல் தடுக்கிற வளையம், போய், கியர் ஆயிலை உள்ளே இழுக்கிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும், விலையில் அதைக் கழி.

ஆர்.சி. புக்கை நிதானமாகப் பார். 1989 மாடல் என்கிறாய், 15 வருஷம் முடிந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். வின்டேஜ் நம்பர், அதாவது மிகப் பழைய வண்டிகளுக்கான தனிப் பதிவு, வாங்கித் தருகிறேன் என்று அந்த ஆள் சொன்னது கதை. 2021-ல் வந்த அந்த விதிக்கு வண்டி 50 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். வாங்கினாலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் என்றால்தான் ரோட்டில் எடுக்கலாம், உன் ஆபீஸுக்கு அதில் போக முடியாது. அதற்கு 20,000 ரூபாய் கட்டணம் வேறு.

வாங்கிவிட்டால் இங்கே ஓட்டிக்கொண்டு வருவாய், எனக்குத் தெரியும், சாம்ராஜ்நகர் வழியாகத்தான் வருவாய். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவும் உனக்கு இறக்கம். யெஸ்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் இன்ஜினுக்குப் போகிறது. ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டே இறங்கினால் பெட்ரோல் போகாது, ஆயிலும் போகாது, இன்ஜின் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். பிஸ்டன் சீஸ் ஆகிப் பின்சக்கரம் இறுகிவிட்டால் வளைவில் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதனால் இடையிடையே கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்கு. ஒரு விரல் எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும். பகலில் வா, இரவில் அந்த ரோட்டை மூடிவிடுவார்கள்.

ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு ஜாவா யெஸ்டி நாள். வருஷா வருஷம் கூடுகிறார்கள். வாங்குவதற்கு முன்னாலேயே அதற்குப் போய்விட்டு வா, விற்கிறவன் சொல்லாததையெல்லாம் வைத்திருக்கிறவன் சொல்லுவான்.

சனிக்கிழமை வண்டி பார்க்கப் போகும்போது எனக்கு வீடியோ கால் போடு. போனை சைலன்சர் பக்கம் கொண்டு போகாதே, இன்ஜின் பக்கமாகப் பிடி, கிராங்க் சத்தம் கேட்க வேண்டும். இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டையும் துடைத்துவிட்டு போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறவரை அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா