பள்ளி மானியக் கணக்கை ஒருமுறை மட்டும் கேளுங்கள்: மாநிலத் திட்ட இயக்குநருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்று, தமிழ்நாடு.

பெறுநர்:
மாநிலத் திட்ட இயக்குநர்,
ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி,
கல்லூரிச் சாலை, சென்னை - 6.

பொருள்: அரசுப் பள்ளிகளுக்குத் தரும் மானியத்தின் கணக்கு நடைமுறைகளைச் சுருக்குவதும், அந்தக் கணக்கைப் பெற்றோருக்குக் காட்டுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா நான். மேலாண்மைக் குழுத் தலைவர் என்பதால் பள்ளி மானியத்தில் போகும் ஒவ்வொரு தொகைக்கும் தலைமை ஆசிரியரோடு சேர்த்து என் கையெழுத்தும் வேண்டும். அதனால் கணக்கு எப்படி எழுதப்படுகிறது, எங்கே போகிறது, எத்தனை தடவை போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த எத்தனை தடவை என்பதைப் பற்றித்தான் இந்த மனு.

ஒரு குழாய் மாற்றினோம் என்று வையுங்கள். முதலில் குழுவின் தீர்மானம், பிறகு பில், வவுச்சர், ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு. இதெல்லாம் சரி, பொதுப் பணம் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் வேண்டும், எனக்கு மறுப்பே இல்லை. அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. அதே குழாய்ச் செலவு அரசுப் பணம் போகும் வழியைப் பதியும் பி.எஃப்.எம்.எஸ். இணையதளத்தில் ஏறும், மானியத்தை உரிய வேலைக்கே செலவு செய்தோம் என்று எழுதித் தரும் பயன்பாட்டுச் சான்றில் ஏறும், வாட்ஸப்பில் வந்த எக்செல் தாளில் ஏறும், அடுத்த வாரம் அதே விவரம் வேறு தலைப்புகளோடு கூகுள் படிவத்தில் கேட்கப்படும், ஆடிட்டர் வரும்போது இன்னொரு படிவம். ஒரு படிவத்தில் 'பழுதுபார்ப்பு' என்று இருப்பது இன்னொன்றில் 'குடிநீர், சுகாதாரம்' என்று பிரிந்திருக்கும். ஒரே பில்லை இங்கே ஒரு தலைப்பிலும் அங்கே ஒரு தலைப்பிலும் போட வேண்டியதாகிறது, கடைசியில் இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துப்போகவில்லை என்று பள்ளிக்கே கேள்வி வருகிறது.

2021 ஜூலை 1 முதல் எஸ்.என்.ஏ. என்ற ஒரே மையக் கணக்கு முறை வந்துவிட்டது. பள்ளியின் கணக்கில் பணம் தங்குவதில்லை, இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்ற செலவு வரம்புதான் இருக்கிறது. யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு போனது என்பது பணம் போகும் அந்த நிமிடமே உங்கள் திரையில் தெரியும். அப்படி இருக்க, அதே தேதியையும் அதே தொகையையும் பள்ளி திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அனுப்புவது எதற்கு? உங்களுக்கு அங்கிருந்து தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: வாங்கிய பொருள் பள்ளிக்கு வந்ததா, வேலை செய்கிறதா என்பது. ஆனால் எந்தப் படிவமும் அதைக் கேட்பதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் வாங்கியதாகக் கணக்கு எழுதினால் போதும், அந்த மோட்டார் தண்ணீர் இறைக்கிறதா என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

தொகையின் அளவையும் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். 10,000 வாங்கும் பள்ளிக்கு அது 1,000 ரூபாய்: ஒரு வருஷத்துக்கான பினாயில், துடைப்பம், சோப்பு. அந்த 1,000 ரூபாய்க்கும் தனித் தலைப்பு, தனிக் கணக்கு, தனி அறிக்கை. ஒரு லட்சம் வாங்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் ஈராசிரியர் தொடக்கப் பள்ளிக்கும் படிவம் ஒரே கனம்தான். மேல்நிலைப் பள்ளியில் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது, உதவியாளர் இருக்கிறார். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் எழுத்தர் கிடையாது. தலைமை ஆசிரியர்தான் எழுத்தர், தலைமை ஆசிரியர்தான் கணக்காளர், அவரேதான் நான்காம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்க வேண்டியவரும். இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஒருவர் வட்டார வள மையத்துக்கு பில் நகலோடு போனால் அன்றைக்கு அஞ்சு வகுப்பையும் மற்றவர் பார்க்கிறார். இந்தச் செலவு எந்த ரொக்கப் பதிவேட்டிலும் ஏறாது.

பில் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை அடைப்பு எடுக்க ஆள் வருகிறார். கதவுக்குக் கொண்டி அடிக்கத் தச்சர் வருகிறார். ஃபேனுக்கு வயரிங் பார்க்க எலக்ட்ரீசியன் வருகிறார். இவர்கள் யாரிடமும் ஜி.எஸ்.டி. எண் இருக்காது, இருக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. சேவை தருபவருக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தையும், பொருள் விற்பவருக்கு 40 லட்சத்தையும் தாண்டினால்தான் பதிவே கட்டாயம். ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் பலர் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கு வாய்மொழியாக வரும் உத்தரவு 'ஜி.எஸ்.டி. பில் இல்லாவிட்டால் தணிக்கையில் நிற்காது' என்பதுதான். இது எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று கேட்டால் யாரும் காட்டுவதில்லை. விளைவு என்ன? பக்கத்துத் தெருவில் செய்து முடிக்கக்கூடிய வேலைக்கு டவுனில் ஒரு கடையில் பில் வாங்க வேண்டியிருக்கிறது. உழைத்தவர் ஒருவர், பில்லில் பெயர் இன்னொருவர். உண்மையாக நடந்த ஒரு வேலைக்குப் பொய்யான காகிதம் தயாரிக்க நேர்மையான ஆசிரியரைத் தள்ளுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று நீங்களே யோசியுங்கள்.

கொட்டேஷன் கதையும் இதேதான். மூன்று கடையில் விலை கேட்டு வாங்கச் சொல்கிறார்கள். நடைமுறையில் என்ன நடக்கிறது என்று கல்வித் துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், சத்தமாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஒரே கடைக்காரர் மூன்று லெட்டர்பேடில் மூன்று விலை எழுதித் தருவார், அவருடைய விலைதான் எப்போதும் குறைவாக இருக்கும்! அந்த மூன்று தாள்கள் கோப்பில் இருப்பதால் யாருடைய ஒரு ரூபாயும் மிச்சமாகவில்லை. ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே இவ்வளவு கெடுபிடி காட்டவில்லை. அதன் 154ஆவது விதி, சிறு தொகைக்குக் கொட்டேஷனே வேண்டாம், பொருள் தரமானது, விலை நியாயமானது, நம்பகமான வியாபாரியிடம் வாங்கியது என்று வாங்கும் அதிகாரி கையெழுத்துப் போட்ட சான்று போதும் என்கிறது. விதிகள் வந்தபோது அதற்கான வரம்பு ஒரு முறைக்கு 25,000 ரூபாய். எங்களைப் போன்ற பல பள்ளிகளின் முழு வருட மானியமே அவ்வளவுதான். டெல்லியில் ஓர் அலுவலகம் ஒரு சான்றில் வாங்கக்கூடியதை ஒரு கிராமத்துப் பள்ளி வாங்க மூன்று லெட்டர்பேடு எதற்கு? ஒரே தேவையைத் துண்டு துண்டாகப் பிரித்து வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கட்டும், அது நியாயமானது.

அடுத்தது காலம். பள்ளி ஜூனில் திறக்கிறது, நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. செலவு வரம்பு ஜனவரிக்கு மேல் வந்தால், அந்த ஜூனில் ஒழுகிய கூரை அடுத்த மழைக்கும் ஒழுகும். மார்ச்சில் எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் வாங்க ஓடும்போது பேரம் பேச நேரமில்லை, எது கடையில் இருக்கிறதோ அதை வாங்குகிறோம். ஏப்ரல் பிறந்தால் வரம்பு காலாவதி, 'ஏன் செலவு செய்யவில்லை' என்று விளக்கம் வேறு. இந்தத் திட்டத்துக்கு 2024-25இல் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தராததால் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது எங்களுக்கும் தெரியும். அது உங்கள் கையில் இல்லை. ஆனால் மாநிலத்துக்கு வந்து சேர்ந்த பிறகு பள்ளிக்கு வரம்பு திறப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. வருவதில் பாதியையாவது முதல் பருவத்துக்குள் திறந்துவிடுங்கள்.

இந்த அவசரத்தின் இன்னொரு முகம் பயன்பாட்டுச் சான்று, பள்ளியில் சொல்வது போலச் சொன்னால் யு.சி. பொது நிதி விதி 238 நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் யு.சி. கொடுக்கச் சொல்கிறது. யு.சி. நிலுவை பற்றித் தணிக்கைத் துறை மாநிலங்களை வருடா வருடம் கேள்வி கேட்கிறது, அதனால் மேலே உங்களுக்கும் நெருக்கடி இருக்கும், புரிகிறது. ஆனால் அந்த நெருக்கடி படிப்படியாக இறங்கி எங்களிடம் வரும்போது 'இன்று மாலை 4 மணிக்குள்' என்று ஆகிவிடுகிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே முழுத் தொகையும் செலவானதாக யு.சி.யில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை, வேலை முடியட்டும் என்றேன். தலைமை ஆசிரியருக்குத்தான் திட்டு விழுந்தது. நடக்காததை நடந்ததாக எழுதச் சொல்வதற்குப் பெயர் நிதி ஒழுங்கு என்றால், அந்த ஒழுங்கு எங்களுக்கு வேண்டாம்.

பணம் அனுப்பும்போது போனுக்கு வரும் ஓ.டி.பி. பிரச்சினையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தலைமை ஆசிரியர் மாறுதலாகிப் போன பிறகும் ஓ.டி.பி. பழையவர் போனுக்கே போகும். 2024இல் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது வங்கியில் கையெழுத்து மாற்றவே பல பள்ளிகள் அலைந்தன. குழு மாறும் நாளிலேயே வங்கி விவரமும் மாற வட்டார அளவில் ஒரே நாளில் ஏற்பாடு செய்தால் இது தீர்ந்துவிடும்.

இப்போது எனக்கு முக்கியமானது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21, மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் வேலையை மேலாண்மைக் குழுவிடம் கொடுத்திருக்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2010 மாதிரி விதிகள் பள்ளியின் ஆண்டு வரவு செலவுக் கணக்கைத் தயாரிப்பதே குழுவின் வேலை என்கின்றன. சட்டப்படி கணக்கு எங்களுடையது. ஆனால் இத்தனை படிவங்களில் ஒன்றுகூடப் பெற்றோர் படிப்பதற்காக எழுதப்பட்டதில்லை. எல்லாமே மேலே போகின்றன, பெரும்பாலும் ஆங்கிலத் தலைப்புகளோடு. கூட்டத்தில் ஓர் அப்பா 'இந்த வருஷம் எவ்வளவு வந்துச்சு, என்ன வாங்கினீங்க' என்று கேட்டால் காட்ட எங்களிடம் ஒரு பக்கம் கிடையாது, ஒரு கட்டுக் கோப்பு இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ரொக்கப் பதிவேட்டின் வடிவத்திலேயே ஒரு மின் பதிவு வையுங்கள். பள்ளி அதில் ஒருமுறை எழுதட்டும், பில்லையும் பொருளின் படத்தையும் ஏற்றட்டும். யு.சி., மாதாந்திர அறிக்கை, ஆடிட்டருக்கான பட்டியல் எல்லாவற்றையும் அதிலிருந்து அலுவலகங்களே எடுத்துக்கொள்ளட்டும். அதில் இருக்கும் எந்த விவரத்தையும் பள்ளியிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும். சிறு வேலைகளுக்கு ஜி.எஸ்.டி. எண் இல்லாத ரசீதும், வேலை செய்தவரின் கையெழுத்தும், குழுவின் தீர்மானமும் இருந்தால் செல்லும் என்று, தொகை வரம்பைக் குறித்து, தெளிவாகச் சுற்றறிக்கை விடுங்கள். அந்த மின் பதிவிலிருந்தே பருவத்துக்கு ஒருமுறை தமிழில் ஒரு பக்கக் கணக்கு அச்சாகி வரட்டும்: வந்தது எவ்வளவு, வாங்கியது என்ன, யாரிடம், எவ்வளவுக்கு, மிச்சம் எவ்வளவு. அதைப் பள்ளிச் சுவரில் ஒட்டுகிறோம், கிராம சபையிலும் வாசிக்கிறோம்.

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் திருட்டு நடக்கும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். மூன்று லெட்டர்பேடு முறையில் திருட முடியாதா என்ன? திருடுபவருடைய கோப்புதான் எப்போதும் அழகாக இருக்கும். சுவரில் 'டேபிள் ஃபேன் 4,800 ரூபாய்' என்று ஒட்டியிருந்தால், அதே ஃபேனை 2,000 ரூபாய்க்கு வாங்கி வீட்டில் ஓட்டும் ஒரு பெற்றோர் அன்றைக்கே வந்து கேட்பார். அந்தக் கேள்வியை எந்த ஆடிட்டரும் கேட்கப் போவதில்லை, அவருக்கு பில்லில் சீல் இருந்தால் போதும்.

எல்லாப் பள்ளிகளிலும் உடனே முடியாது என்றால் ஒரு மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம் என்று எடுத்து அடுத்த நிதியாண்டில் நடத்திப் பாருங்கள். சிறிய பள்ளிகளிலிருந்து, அதாவது 10,000மும் 25,000மும் வாங்கும் பள்ளிகளிலிருந்து தொடங்குங்கள். படிவ வடிவத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் இரண்டு தலைமை ஆசிரியர்களையும் இரண்டு குழுத் தலைவர்களையும் உட்கார வையுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மனு என்னுடையது, எங்கள் தலைமை ஆசிரியர் எழுதச் சொன்னதும் இல்லை, எழுதியது அவருக்குத் தெரியவும் தெரியாது. இது உங்கள் மேசையிலிருந்து மாவட்டத்துக்கும் வட்டாரத்துக்கும் இறங்கி, கடைசியில் 'இதற்கு விளக்கம் தருக' என்று எந்தத் தலைமை ஆசிரியரின் கைக்கும் வரக் கூடாது. விளக்கம் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், தீர்மானப் பதிவேட்டோடு வருகிறேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்