வைக்கோல் கட்டும் மிஷின்களுக்கு அறுவடைக்கு முன் வயல்வெளிப் பயிற்சி கோரி மனு

அனுப்புநர்
வைக்கோல் கட்டும் மிஷின் வைத்திருக்கும் விவசாயிகள்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
வேளாண்மைப் பொறியியல் துறை, திருவாரூர்.

ஐயா,

பொருள்: வைக்கோலை உருளையாகக் கட்டும் மிஷின்களில் (பேலர்) கட்டு வெளியே விழாத கோளாறு – பயிற்சியும் பழுதுநீக்க உதவியும் வேண்டுதல் தொடர்பாக.

மானியத்தில் வாங்கிய பேலர்களை டிராக்டரில் பூட்டி ஓட்டி வருகிறோம். சம்பா, தாளடி அறுவடை வந்தாலே எங்களுக்கு ஒரே தலைவலிதான். கட்டு நிறைந்து, சணல் சுற்றி முடிந்த பிறகும் வெளியே விழாது. பின்கதவு பாதியில் நிற்கும். இல்லையென்றால் கதவு திறந்தும் கட்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

விற்றவர்களுக்குப் போன் செய்தால், பார்க்காமலேயே "பம்பு போச்சு" என்கிறார்கள். பெரும்பாலும் பம்பில் ஒன்றும் இருக்காது. ஹோஸ் மாட்டும் கப்ளரில் தூசி அடைத்திருக்கும், கதவைத் தூக்கும் ஹைட்ராலிக் ஆயில் குறைந்திருக்கும், அல்லது கதவுக் கொக்கியில் வைக்கோல் திணிந்திருக்கும். பனி காய்வதற்குள் ஓட்டினால் ஈர வைக்கோல் உருளைகளில் முறுக்கிக்கொண்டு கட்டை விடாது. வெயில் ஏறிய பிறகு ஓட்டினால் பாதித் தொல்லை போய்விடும். இதையெல்லாம் மிஷினைக் கொடுக்கும்போதே யாரும் சொல்வதில்லை. புத்தகமும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. டிராக்டரிலிருந்து மிஷினை ஓட்டும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அரிவாளை உள்ளே விட்டுச் சிக்கலை அறுக்கிறார்கள். கதவைத் தூக்கிவிட்டு, அது கீழே விழாமல் தடுக்கும் பூட்டு வால்வைப் போடாமல் அடியில் தலையை நுழைக்கிறார்கள். கூலிக்கு வரும் பையன்களுக்கு அப்படி ஒரு வால்வு இருப்பதே தெரியாது.

தாமதத்துக்கும் இடமில்லை. அறுப்புக்குச் சில நாள் முன்பே உளுந்து தெளித்துவிடுகிறோம். வைக்கோல் கிடக்கும் வரிசையில் முளை வெளுத்துப் போகிறது. அதற்குள் ஒரு மழை பெய்தால் வைக்கோலும் கறுத்து, மாட்டுக்கும் ஆகாது.

எனவே, சம்பா அறுவடை தொடங்குமுன் எங்கள் வட்டத்தில் ஒரு வயலிலேயே, ஓட்டுநர்களையும் உதவியாட்களையும் சேர்த்து, ஒரு நாள் பயிற்சி நடத்தித் தர வேண்டுகிறோம். கொட்டகையில் படம் போட்டுக் காட்டினால் போதாது. மிஷினைக் கழற்றிக் காட்ட வேண்டும். மானியத்தில் விற்கும் நிறுவனங்கள் தமிழில் கையேடு தரவும், சீசன் முடியும்வரை கப்ளர், ஹோஸ், ஆயில் சீல் ஆகியவற்றை உள்ளூரிலேயே இருப்பு வைக்கவும் தாங்கள் அறிவுறுத்த வேண்டும். அறுவடை நாட்களில் துறையின் மெக்கானிக் ஒருவரின் கைபேசி எண்ணைத் தந்தாலும் பெரிய உதவியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வைக்கோல் கட்டும் மிஷின் வைத்திருக்கும் விவசாயிகள்
(கையொப்பங்கள் இணைப்பில்)