ஓசூரிலிருந்து ஓசூருக்கு, 22 மணி நேரம் 47 நிமிடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா போனில் பாதிதான் சொல்லியிருப்பாள், அதையும் என்னைத் திட்டிக்கொண்டேதான் சொல்லியிருப்பாள். மீதியை நான் எழுதுகிறேன். சனிக்கிழமை விடியற்காலை 4.05-க்கு நம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பங்கில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு உன் மீட்டியார் பைக்கில் கிளம்பினேன். ஞாயிறு விடியற்காலை 2.52-க்கு அதே பங்கில் வந்து நின்றேன். ஓடோமீட்டர் கணக்குப்படி 1,674 கிலோமீட்டர். எங்கேயும் விழவில்லை, வண்டியில் ஒரு கீறல் இல்லை. வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மூன்று நாள் மரத்துக் கிடந்தன, இப்போது சரியாகிவிட்டது.

நீ கோபப்பட்டால் அது நியாயம், ஏனென்றால் இது உன் பயணம். ஜெர்மனிக்குப் போவதற்கு முந்தின வருஷம் சாப்பாட்டு மேஜையில் ஒரு தாளை விரித்து வைத்து, 24 மணி நேரத்துக்குள் 1,610 கிலோமீட்டர், அதாவது 1,000 மைல், அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஒன்று இருக்கிறது, எல்லா பெட்ரோல் பில்லையும் சரிபார்த்து அவர்கள் சான்றிதழ் தருவார்கள், இதற்கு சேடில்சோர் என்று பெயர் என்று நீ சொல்லச் சொல்ல, நான் அந்தத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொம்பளப்பிள்ளை ராத்திரியில் ஹைவேயில் தனியாகவா என்று ஒரே பேச்சில் முடித்தேன். மறுநாள் டியூட்டிக்குப் போகும்போது வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டும் போய்விட்டேன். நீ அன்றைக்குச் சாவியைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்போம், அது அன்றோடு தீர்ந்திருக்கும். நீ கேட்காமல் விட்டதுதான் இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டு இருக்கிறது.

ரிட்டயர் ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியை ஸ்டார்ட் செய்து வைப்பேன், பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று. முதலில் தெருமுனை வரை, அப்புறம் கிருஷ்ணகிரி வரை, அப்புறம் ஒருநாள் வேலூர் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் ஆர்.சி. புக் தேடும்போது டிராயரில் உன் தாள் கிடைத்தது. ஓசூர், தும்கூர், சித்ரதுர்கா, தாவணகெரே, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சாத்தாரா, புனேவுக்கு முன்னால் ஷிர்வல், அங்கிருந்து அப்படியே திரும்பி வருவது. எந்த ஊரில் பெட்ரோல், எத்தனை நிமிஷம் நிற்கலாம், எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தாய். முப்பது வருஷம் டிரிப் ஷீட்டைப் பார்த்தே பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், அது நல்ல டிரிப் ஷீட், பாப்பா. அன்றைக்கே படித்திருந்தால் இப்படி ஒரு கணக்குப் போட்டவளைத் தடுத்திருக்க மாட்டேன்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றினேன். நீ ராத்திரி 10 மணிக்குக் கிளம்புவதாகப் போட்டிருந்தாய். எடுத்த எடுப்பிலேயே ஒரு முழு ராத்திரியை ஓட்டிவிட்டு, அதற்கப்புறம் ஒரு முழுப் பகலையும் ஓட்டுவது உடம்புக்கு ஆகாது. மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் டிரைவருக்கு எமன். கண் திறந்தே இருக்கும், ஆள் தூங்கிக்கொண்டிருப்பான், அவனுக்கே தெரியாது. அதனால் முன்னிரவு எட்டரைக்கே படுத்து, மூன்று மணிக்கு எழுந்து, நாலு மணிக்குக் கிளம்பினேன். பெங்களூரில் டிராபிக் ஆரம்பிப்பதற்குள் ஊரைத் தாண்டித் தும்கூர் பக்கம் போயாகிவிட்டது. முடிக்கும்போதும் மூன்று மணிக்குள் வீடு சேர வேண்டும், முடியாவிட்டால் எங்கே இருக்கிறேனோ அங்கேயே படுத்துவிடுவேன், சான்றிதழும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அம்மாவிடம் சத்தியம் செய்த பிறகுதான் போனேன். டீக்கடை அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், ஓடோமீட்டரை போட்டோ எடுத்தேன், கிளம்பிவிட்டேன்.

வேகம் இதில் பெரிய விஷயமே இல்லை என்பது தாவணகெரே போவதற்குள் புரிந்துவிட்டது. 1,610-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு 67 கிலோமீட்டர், அவ்வளவுதான். 90-க்கு மேல் நான் முறுக்கவே இல்லை. ஆனால் நிற்கிற நிமிஷம்தான் ஆளைத் தின்கிறது. பெட்ரோல் போட ஐந்து நிமிஷம், பில் வாங்க, போட்டோ எடுக்க, குறித்துவைக்க, பாத்ரூம், தண்ணீர், கையுறையைத் தேட, கிளம்பும்போது போன் வரும், பார்த்தால் 25 நிமிஷம் ஓடியிருக்கும். முதல் நிறுத்தத்தில் அப்படித்தான் ஆனது. அதற்கப்புறம் ஒரு வரிசை வைத்துக்கொண்டேன்: இறங்கியதும் டேங்க் மூடி, பில், போட்டோ, அப்புறம்தான் மற்றதெல்லாம். பில்கள் டேங்க் பையில் ஒரு ஜிப் கவருக்குள். அந்தக் காகிதத்தில் வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும் என்று உன் தாளின் ஓரத்திலேயே எழுதியிருந்தாய்.

சித்ரதுர்காவுக்குப் பக்கத்தில் குன்றுகள் மேல் வரிசையாகக் காற்றாலை நிற்குமே, அந்தப் பக்கம் குறுக்குக் காற்று தூக்கியடித்தது. பஸ்ஸில் காற்று என்றால் எனக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். பைக்கில் அது தோளைப் பிடித்துத் தள்ளுகிறது. லாரியை முந்தும்போது காற்று ஒரு நொடி நின்று, லாரியைத் தாண்டியதும் பளாரென்று அடிக்கும். முதல் இரண்டு தடவை கையை இறுக்கிப் பிடித்தேன், தோள்பட்டை கல்லாகிவிட்டது. அப்புறம் முழங்காலால் டேங்க்கை அணைத்துக்கொண்டு கையைத் தளர்த்தியதும் வண்டி தானாக நேராகப் போனது. காதில் பஞ்சு அடைப்பானைக் கட்டாயம் வைத்துக்கொள். காற்றுச் சத்தம்தான் பாதிக் களைப்பு என்பது ஒரு பக்க அடைப்பான் விழுந்து, அரைமணி நேரம் கவனிக்காமல் ஓட்டியபோது தெரிந்தது.

சாப்பாடு வாழைப்பழம், கடலைமிட்டாய், கோலாப்பூருக்கு முன்னால் இரண்டு இட்லி, அரை மணிக்கொரு தரம் ஒரு வாய் ஓ.ஆர்.எஸ். தண்ணீர். மத்தியானம் முழுச்சாப்பாடு சாப்பிட்டால் இரண்டரைக்கெல்லாம் கண் சொருகும், இது பஸ்ஸில் கற்றது. காபியும் குடிக்கவில்லை. அது ஏற்றிவிடுகிற மாதிரியே இறக்கியும் விடும்.

மகாராஷ்டிராவுக்குள் நுழைந்ததும்தான் கஷ்டம். கோலாப்பூரிலிருந்து சாத்தாரா வரை ரோட்டை அகலப்படுத்துகிற வேலை, எங்கே பார்த்தாலும் மாற்றுப்பாதை, மண், ஜல்லி. போட்ட கணக்கில் அரைமணி அங்கே போய்விட்டது. சாத்தாராவைத் தாண்டிக் கம்பட்கி மலை. போகும்போது சுரங்கப்பாதை, அது முடிந்ததும் சட்டென்று ஒரு எஸ் வளைவு, வேகத்தோடு வந்தால் ஆபத்து. வரும்போது வேறு வழி, மலைமேல் ஏறி இறங்கும் பாதை. ஷிர்வலில் மூன்று மணிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன். பதினோரு மணி நேரம் ஓட்டி, வீட்டிலிருந்து 830 கிலோமீட்டர் தள்ளி, தெரியாத ஊரில் நிற்கிறேன், இவ்வளவையும் மறுபடி ஓட்ட வேண்டும் என்று நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது. அங்கேயே விட்டுவிடலாம், லாட்ஜில் படுக்கலாம் என்று நிஜமாகவே நினைத்தேன். அப்புறம் உன் தாளைப் பார்த்தேன். ஷிர்வலுக்கு நேராக “பாதி இல்லை, அடுத்த பங்க் மட்டும்” என்று எழுதியிருந்தாய். சரி என்று அடுத்த பங்கை மட்டும் நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

இருட்டு கட்டியது நிப்பாணி பக்கத்தில். ஜனவரி மாதம் அங்கே கரும்பு வெட்டு. டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிரெய்லர், ரோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கரும்பு, பின்னால் ஒரு லைட் கிடையாது. ஹெட்லைட் வெளிச்சத்தில் திடீரென்று ஒரு கரும்புச் சுவர் வந்து நிற்கும். 70-க்கு இறக்கிவிட்டேன், நேரம் போனால் போகட்டும் என்று. நீ இந்த வழியில் வந்தால் ஒன்று கரும்பு சீசனைத் தவிர்த்துவிடு, இல்லாவிட்டால் அந்த இடத்தைப் பகலில் தாண்டு. தார்வாட் – ஹூப்ளி பைபாஸும் அப்படித்தான், வேலை நடக்கிற இடங்களில் எதிர்வண்டி லைட் கண்ணைக் குத்தும். முந்தவே முந்தாதே.

தாவணகெரேயில் இரவு பத்தரை. பில்லை வாங்கிப் பார்த்தால் 9.48 என்று அச்சாகியிருக்கிறது. மிஷின் கடிகாரம் தப்பு. இப்படி ஒரு பில் இருந்தால் மொத்தக் கணக்கும் உதைக்கும். அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கன்னடம் பஸ் ஸ்டாண்டு கன்னடம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கைகாட்டி எதிர்ப்பக்கம் இருந்த ஏ.டி.எம்மைக் காட்டினான். நூறு ரூபாய் எடுத்து, சரியான நேரம் போட்ட சீட்டை வாங்கி, பில்லையும் சீட்டையும் ஓடோமீட்டர் மேல் வைத்து ஒரே போட்டோவாக எடுத்தேன். இந்தத் தந்திரம் உன் தாளில் இல்லை, பாப்பா, எழுதிச் சேர்த்துவைத்திருக்கிறேன்.

அப்போதுதான் கண் எரிய ஆரம்பித்தது. இரண்டு தடவை லைட்டை டிம் செய்ய மறந்தது ஞாபகம் வந்தது. அதுதான் அறிகுறி, அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பங்கிலேயே காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் திண்ணை, அதில் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்து, 25 நிமிஷத்துக்கு அலாரம் வைத்துப் படுத்தேன். படுத்ததுதான் தெரியும். அலாரம் அடித்து எழுந்தால் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். நாமக்கல் லாரிக்காரர். “அண்ணே, சாவிய வண்டியிலேயே விட்டுட்டுத் தூங்கிட்டீங்க, டி.என். நம்பரா இருந்துச்சு, அதான் உக்காந்திருந்தேன்” என்று சொல்லிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். டீ வாங்கித் தருகிறேன் என்றேன், லோடு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. ராத்திரி ஹைவே என்றாலே பயம் என்று உனக்குச் சொன்னவன் நான். அந்த ராத்திரியில் முகம் தெரியாத ஒருவர் என் வண்டிக்குக் காவல் இருந்திருக்கிறார். பயப்பட வேண்டியது எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் பயந்தது ரோட்டுக்கு இல்லை, ஊர் என்ன சொல்லும் என்பதற்குத்தான். அதை உன்னிடம் ஒத்துக்கொள்ள ரொம்ப நாளாக வாய் வரவில்லை. மன்னித்துக்கொள், அம்மா.

அதற்கப்புறம் சொல்ல ஒன்றும் இல்லை. குளிர், நிலா, தும்கூர், காலியான பெங்களூர் ரோடு. அத்திப்பள்ளி தாண்டித் தமிழில் போர்டு பார்த்ததும் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன், எல்லா டிரிப்பும் யாரையாவது ஏற்றி எங்கேயாவது இறக்கிவிடுவதற்குத்தான். இந்த ஒரு தடவைதான் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போனேன்.

பங்கில் அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள், டீக்கடை அண்ணனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் கையெழுத்துப் போடும்வரை பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம்தான் திட்ட ஆரம்பித்தாள்.

பில்களையும் போட்டோக்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா, உட்கார்ந்து நிரப்பலாம். வண்டியைச் சர்வீஸுக்கு விட்டு ஆயில் மாற்றியாகிவிட்டது, செயின் நன்றாக இருக்கிறது. பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது, அதில் நீ இவ்வளவு தூரம் போகக் கூடாது, நவம்பரில் புதிதாகப் போட்டுவிடுகிறேன். டிசம்பரில் நீ வரும்போது கரும்பு வெட்டு நடக்கும், அதனால் வேறு ரூட் யோசி, நெல்லூர், விஜயவாடா பக்கம் பார்க்கலாமா என்று சொல். தாளை உன் மேஜையிலேயே வைத்திருக்கிறேன், மறுபக்கம் காலியாக இருக்கிறது. சாவி காலண்டர் மாட்டியிருக்கிற ஆணியில் தொங்குகிறது.

அன்புடன்,
அப்பா